திறப்பதும் அதுவே, அடைப்பதும் அதுவே

இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், பாரசீக நாட்டின் ரய் நகரத்தில் ஒரு மருத்துவப் பேரறிஞர் வாழ்ந்தார். அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி என்பது அவர் பெயர். ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகனார், பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபிரித்து விளக்கி எழுதிய நூலால் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் அவருடைய சிறு நூல்களுள் ஒன்று நம்மில் பலர் அறியாதது. பல்கு நகரத்து அறிஞரும் புவியியல் வல்லுநருமான அபூஸைத் அல்பல்கீக்கு ஒரு விந்தையான துன்பம் இருந்தது. வசந்த காலம் வந்து ரோஜா மலர்ந்து அவர் அதை முகர்ந்தால், உடனே அவரைத் தடுமல் பற்றிக்கொள்ளும். அதன் காரணம் என்ன என்பதே அர்ராஸியின் அச்சிறு நூலுக்குப் பொருளாகும். மலரின் மகரந்தம் முதலியவற்றால் மூக்கில் உண்டாகும் ஒவ்வாமை நோயைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய ஏடுகளுள் ஒன்றாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர்.

இந்நூலின் தலைப்பில் ஒரு சொல் என் உள்ளத்தைத் தொட்டது. 'இல்லத்' என்பது அச்சொல். காரணம் என்றும் நோய் என்றும் அரபு மொழியில் அதற்கு இரு பொருளும் உண்டு. அடைத்த மூக்கைத் திறப்பது எப்படி என்று அர்ராஸி தலைப்பிடவில்லை. அடைப்பது எதனால் என்றே கேட்டார். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தவறியதால் கடந்த நூற்றிருபது ஆண்டுகளில் கோடிக்கணக்கான குப்பிகள் விற்பனையாகியுள்ளன. அவற்றுள் சில நூறு குப்பிகளைக் காலி செய்தவன் இக்கட்டுரையை எழுதும் அடியேனும் ஆவேன். ஆகவே இது நூல் கற்றவன் எழுதும் வரலாறு மட்டுமன்று. பட்டறிந்தவன் எழுதும் வரலாறும் ஆகும்.

மூக்கின் வழியே மருந்து செலுத்துவது புதிய வழக்கமன்று. தடுமலை 'ஸுகாம்' என்றும், தலையிலிருந்து இறங்கும் நீர்க்கோவையை 'நஸ்லா' என்றும், மூக்கில் விடும் மருந்தை 'ஸஊத்' என்றும் அரபு மருத்துவம் பெயரிட்டு அழைத்தது. நம் நாட்டு யூனானி ஹகீம்கள் இன்றும் இச்சொற்களை ஆள்கின்றனர். தமிழ் மருத்துவத்தில் 'நசியம்' என்பதும் இவ்வகையினதே. ஆயின் அப்பழைய மருந்துகளுக்கும், இன்று நம் சட்டைப் பையில் இடம் பிடித்துள்ள சிறு குப்பிக்கும் பெரிய வேற்றுமை உண்டு. அதனை அறிய மூக்கின் அமைப்பைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

மூக்கின் உட்புறம் வெறும் குழாய் அன்று. இரு பக்கச் சுவர்களிலும் சுருள் சுருளான மெல்லிய எலும்புகள் உள்ளன. அவற்றைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வினுள் நுண்ணிய இரத்த அறைகள் நிறைந்திருக்கின்றன. அவ்வறைகளில் இரத்தம் நிறைந்தால் சவ்வு உப்பி வழி குறுகும். இரத்தம் வடிந்தால் சவ்வு சுருங்கி வழி அகலும். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கவும், ஈரமாக்கவும், தூசி நீக்கவும் இறைவன் அமைத்த ஏற்பாடு இது. உடல்நலத்தோடு இருக்கும் பெரும்பாலோரிடத்தும் ஒரு நாசி சற்றே அடைந்திருக்க மற்றொன்று திறந்திருக்கும். சில மணி நேரம் கழித்து முறை மாறும். இம்முறைமாற்றத்தை 1895-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கைஸர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்து எழுதினார். ஒரு பக்கம் சிறிது அடைந்திருப்பது பல வேளைகளில் நோயே அன்று என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சளியும் ஒவ்வாமையும் வரும்போது அடைப்பது பெரும்பாலும் சளிக்கட்டி அன்று, உப்பிய சவ்வே. ஆகவே அந்த இரத்த அறைகளைச் சுருங்கச் செய்தால் மூச்சு உடனே திறக்கும் என்பதை மருத்துவ உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுகொண்டது. அன்று தொடங்கியது இக்கதை.

முதலில் வந்தது கொக்கேன். 1884-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து கார்ல் கொல்லர், கண்ணை மரத்துப் போகச் செய்ய அதனைப் பயன்படுத்திக் காட்டினார். அது மூக்கின் சவ்வையும் சுருக்குகிறது என்பது விரைவில் தெரிய வந்தது. விளைவு என்ன? அமெரிக்க நாட்டில் மூக்கடைப்புக்கான பொடிகள் என்ற பெயரில் கொக்கேன் கலந்த சரக்குகள் கடை கடையாக விற்கப்பட்டன. தடுமலுக்காக வாங்கியவர்கள் தடுமல் தீர்ந்த பின்னும் வாங்கினார்கள். கொக்கேன் முதலியவை கலந்திருந்தால் அதனைச் சீட்டில் எழுத வேண்டும் என்று 1906-இல் ஒரு சட்டமும், அதன் விற்பனையைக் கட்டுப்படுத்த 1914-இல் மற்றொரு சட்டமும் அங்கே இயற்ற வேண்டியதாயிற்று.

அடுத்து வந்தது அட்ரினலின். ஜப்பானிய அறிஞர் ஜோக்கிச்சி தாக்காமினே இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் இதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். சவ்வைச் சுருக்குவதில் இதற்கு நிகரில்லை. ஆனால் அதன் பலன் சிறிது நேரமே நின்றது. பின்னர் அறிஞர் பார்வை கிழக்கே திரும்பியது. சீன மருத்துவர்கள் நெடுங்காலமாக 'மா ஹுவாங்' என்னும் செடியைப் பயன்படுத்தி வந்தனர். அதிலிருந்து எஃபிட்ரின் என்னும் சத்தை 1885-ஆம் ஆண்டில் ஜப்பானியர் நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்திருந்தார். பீக்கிங் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய சென் என்பவரும் ஷ்மிட் என்பவரும் 1924-இல் அதன் செயலை விளக்கி எழுதிய பின் மேனாடுகள் அதனை வரவேற்றன. எஃபிட்ரின் சொட்டுகள் எங்கும் பரவின.

1930-களில் அமெரிக்காவில் பென்ஸெட்ரின் என்னும் முகரும் குழாய் வந்தது. அதனுள் ஆம்ஃபெட்டமின் என்னும் மருந்து ஊறிய தாள் இருந்தது. மூக்கைத் திறக்க வந்த அக்குழாயை உடைத்து, தாளை எடுத்து விழுங்கி, உறக்கமின்றிக் களித்தனர் பலர். 1949-ஆம் ஆண்டில் அந்நிறுவனமே அம்மருந்தை நீக்கிவிட்டு வேறொன்றைக் குழாயில் வைத்தது. 1940-களில் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரத்து நிறுவனம் ஒன்று நாஃபஸோலின் என்பதை அளித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஸைலோமெட்டஸோலின் 1950-களிலும், ஆக்ஸிமெட்டஸோலின் 1960-களிலும் தோன்றின. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் கிடைக்கும் மூக்குச் சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை இவ்விரண்டுள் ஒன்றையே கொண்டவை.

இவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். ஒவ்வொரு புதிய மருந்தும் பழைய மருந்தின் குறையைத் தீர்க்க வந்தது. பழையது மயக்கம் தந்தது, புதியது தராது என்றனர். பழையது ஒரு மணி நேரம் நின்றது, புதியது எட்டு மணி, பத்து மணி நேரம் நிற்கும் என்றனர். சொன்னவை பொய்யல்ல. ஆனால் அளந்தவர்கள் அனைவரும் முதல் மணி நேரத்தையே அளந்தார்கள். முப்பதாம் நாளை அளக்கவில்லை.

முப்பதாம் நாளைக் கண்டவர்களும் இருந்தனர். 1931-ஆம் ஆண்டிலேயே ஃபாக்ஸ் என்னும் மருத்துவர், அட்ரினலினையும் எஃபிட்ரினையும் நெடுநாள் விடுவதால் மூக்குச் சவ்வுக்கு விளையும் தீங்கை எழுதினார். நாஃபஸோலின் பரவிய சில ஆண்டுகளுக்குள், 1945-இல், அதனை அடிக்கடி விடுவோர்க்கு மூக்கடைப்பு உண்டாவதை ஃபைன்பெர்க், ஃபிரீட்லாண்டர் ஆகிய இருவரும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். 1946-இல் லேக் என்பவர் மருந்தினால் விளையும் மூக்கழற்சி என்று பொருள்படும் பெயரை அந்நோய்க்கு இட்டார். அப்பெயரே இன்றளவும் நிலைத்துள்ளது. மருந்தின் பெயரால் ஒரு நோய்! வரலாற்றில் இதனினும் கசப்பான பெயரீடு அரிது.

இது நிகழும் விதம் இதுவாகும். மூக்கின் இரத்த அறைகளைச் சுருக்கி வைக்கும் பணியை உடலின் நரம்புகள் தாமே இடையறாது செய்து வருகின்றன. அவ்வேலையை வெளியிலிருந்து வந்த மருந்து பன்மடங்கு வலிமையோடு செய்யத் தொடங்கினால், நரம்புகள் தம் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. மருந்தை ஏற்கும் வாயில்களும் நாளடைவில் உணர்ச்சி குன்றுகின்றன. மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வைச் சுருக்குவார் யாருமில்லை. அது முன்னினும் உப்பி எழுகிறது. உடனே மறுபடியும் இரு சொட்டு. முதலில் எட்டு மணிக்கு ஒரு முறை, பின் ஆறு மணிக்கு, பின் மூன்று மணிக்கு. தடுமல் என்றோ போய்விட்டது. எஞ்சியிருப்பது மருந்து உண்டாக்கிய அடைப்பு மட்டுமே. திறப்பதும் அதுவே, அடைப்பதும் அதுவே.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத் தடுமலின்போது கடைக்காரர் கொடுத்த குப்பி அது. பதினோர் ஆண்டுகள் என்னை விட்டு அகலவில்லை. தலையணைக்குக் கீழே ஒன்று, ஜிப்பாப் பையில் ஒன்று, மத்ரஸா மேசை இழுப்பறையில் ஒன்று என மூன்று குப்பிகள் எப்போதும் இருக்கும். வெளியூர் செல்லும்போது பணத்தை மறந்தாலும் குப்பியை மறந்ததில்லை. எனினும் இது அடிமைத்தனம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பீடி குடிக்கும் மாணவரைக் கடிந்துகொள்ளும்போதுகூட என் பையில் அது இருந்தது.

நான் ஓதக் கற்பிப்பவன். குர்ஆன் ஓதும் முறையாகிய தஜ்வீதில் 'குன்னா' என்று ஒன்று உண்டு. மீம், நூன் எனும் இரு எழுத்துகளையும் மூக்கின் அடித்தளத்திலிருந்து இசையோடு ஒலித்தல் அது. ஓதுபவர் மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டால் அவ்வொலி அற்றுவிடும். மாணவர்க்கு நாங்கள் அதனைப் பிடித்துக் காட்டியே புரிய வைப்போம். ஒரு நாள் காலை வகுப்பில் நான் ஓதிக் காட்ட, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் அப்படியே திருப்பி ஓதினான். மீம் இருக்க வேண்டிய இடத்தில் பாவின் ஒலி கேட்டது. "குன்னா எங்கே?" என்று கடிந்தேன். அவன் அஞ்சியவாறே, "ஹஜ்ரத் ஓதினமாதிரிதான் ஓதினேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. விரல் வைத்துப் பிடிக்காமலே என் மூக்கு பிடிக்கப்பட்டிருந்தது. பல காலமாக என்னிடம் கற்ற பிள்ளைகள் என் அடைப்பையும் சேர்த்தே கற்றிருக்கிறார்களோ என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அவ்வாண்டு ரமளானில் உண்மை இன்னும் தெளிவாயிற்று. மூக்கின் வழியே உட்செல்வது நோன்பை முறிக்கும் என்று நாங்கள் கற்ற சட்ட நூல்கள் கூறுவதால், பகலில் நான் குப்பியைத் தொடுவதில்லை. ஸஹர் முடிவில் சொட்டு விட்டால் முற்பகல் வரை மூச்சு ஓடும். லுஹருக்குள் இரு நாசியும் மூடிவிடும். அஸர் தொழுகையில் ஸுஜூதில் தலை தாழ்ந்ததும் மூச்சு முட்டும். சளியில்லை, காய்ச்சலில்லை, தும்மலில்லை. மருந்து நின்ற கணக்குப்படி அடைப்பு வந்தது. நோன்பு திறந்து பேரீச்சம் பழத்தை வாயிலிட்ட கையோடு குப்பியைத் தேடும் என் கையை ஒரு நாள் நானே பார்த்தேன். பசியைவிடப் பெரிய தேவையாக அது ஆகியிருந்தது.

ரமளான் முழுவதும் பகலில் விட்டிருந்தேனே, நோய் தணிந்திருக்க வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே எண்ணினேன். பகலில் விட்டதை இரவில் ஈடுசெய்துகொண்டிருந்தேன் என்பதே உண்மை. பிற்காலத்தில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது இது எனக்கு விளங்கிற்று. ஸ்வீடன் நாட்டில் பீட்டர் கிராஃப் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் 1990-களில் முப்பதாம் நாளை அளக்க முற்பட்டனர். மூக்கில் எந்நோயும் இல்லாதவர்களுக்கு நான்கு வாரம் ஆக்ஸிமெட்டஸோலின் கொடுத்துப் பார்த்தனர். மருந்தின் வேகம் தணிந்ததும் சவ்வு உப்பி எழுவது அளவுகோலில் பதிவாயிற்று. இரவில் ஒரே ஒரு முறை மட்டும் நான்கு வாரம் விட்டவர்களிடத்தும் அதே விளைவு காணப்பட்டது. குறைத்துக்கொள்வது விடுவதாகாது என்பதே இதன் பாடம். குப்பிகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்ஸல்கோனியம் குளோரைடு என்னும் பொருள் இவ்வீக்கத்தை மிகுவிப்பதையும் அவர்கள் கண்டனர்.

பெருநாள் கழிந்ததும் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் மூக்கினுள் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், குப்பியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். வியந்தேன். எடுத்து மேசை மேல் வைத்தேன். "நோய் இதுதான்" என்றார்.

அவர் சொன்ன வழி எளியது, கடைப்பிடிப்பது எளிதன்று. ஒரு நாசியில் மட்டும் உடனே நிறுத்த வேண்டும். மற்றதில் சில நாள் விட்டுக்கொள்ளலாம். நிறுத்திய நாசி தானே திறந்த பின் மற்றதிலும் நிறுத்த வேண்டும். கூடவே நாள்தோறும் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பீச்சு மருந்து ஒன்றை எழுதிக் கொடுத்தார். 1970-களிலிருந்து மூக்கொவ்வாமைக்கு வழங்கி வரும் வகை அது. அது சவ்வைச் சுருக்கிப் பிடிப்பதில்லை. அழற்சியை மெல்லத் தணிக்கிறது. ஆகவே உடனே பலன் தெரியாது, நாட்கள் ஆகும். சொட்டு மருந்தை விட முயல்வோர்க்கு இவ்வகை மருந்து விரைந்து உதவுகிறது என்பதை 1997-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியுள்ளனர். கொதித்து ஆறிய நீரில் செய்த உப்பு நீரால் மூக்கைக் கழுவச் சொன்னார். தலையைச் சற்று உயர்த்திப் படுக்கச் சொன்னார்.

முதல் மூன்று இரவுகளை நான் மறப்பதற்கில்லை. இரு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடி, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, தஹஜ்ஜுதுடைய நேரம் வரை விழித்திருந்தேன். வீட்டிலுள்ளோர் அஞ்சி, "இரண்டே சொட்டு விட்டுக்கொள்ளுங்களேன்" என்று இரங்கிக் கேட்டனர். அந்த இரண்டு சொட்டுதான் பதினோர் ஆண்டு என்பதை அவர்களுக்கு விளக்கினேன். ஐந்தாம் நாள் சிறிது தளர்வு. ஒன்பதாம் நாள் பஜ்ருக்கு ஒளுச் செய்யும்போது நிறுத்திய நாசியில் நீர் தங்குதடையின்றிச் சென்று திரும்பியது. அதன் குளிர்ச்சியை மூக்கு உணர்ந்தது. சொட்டு மருந்தின் துணையின்றி அவ்வுணர்ச்சி வந்து எத்தனை ஆண்டுகள்! மற்ற நாசிக்கும் இரு வாரம் ஆயிற்று. அதன்பின் வகுப்பில் ஓதிக் காட்டியபோது அதே மாணவன் தலை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, சரியாகத் திருப்பி ஓதினான்.

நலம் பெற்ற பின்பே காரணம் ஆராயப்பட்டது. எனக்குப் பழைய ஏடுகளின் தூசியால் ஒவ்வாமை இருந்தது. அதற்கு உரிய மருத்துவம் வேறு. இத்தனை ஆண்டுகளில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வேறு சிலர்க்கு நடுத்தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம். அவற்றையெல்லாம் மறைத்து வைக்கும் திரையாகவே குப்பி பயன்படுகிறது. மருத்துவர் மேலும் ஓர் எச்சரிக்கை விடுத்தார். ஒரு முறை இவ்வலையில் சிக்கியவர் நெடுங்காலம் கழித்து மீண்டும் தொட்டாலும் விரைவில் சிக்குவர் என்பதே அது. ஓராண்டுக்கு முன் குணமடைந்தவர்களுக்கு மீண்டும் ஒரு வாரம் கொடுத்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்விலும், சில நாட்களுக்குள் வீக்கம் திரும்பக் காணப்பட்டதாம்.

இம்மருந்தை நஞ்சென்று தள்ளுவது என் கருத்தன்று. கடுந்தடுமலில் மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் விட்டு நிறுத்துவோர்க்கு அது நல்ல உதவியே. இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது. குழந்தைகளின் கைக்கு எட்டும் இடத்தில் குப்பியை வைத்தலும் ஆகாது. இவ்வகைச் சொட்டு மருந்துகளைச் சிறு பிள்ளைகள் ஓரிரு மில்லி லிட்டர் அளவே விழுங்கினாலும் பேராபத்து நேரலாம் என்று 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. தலையணைக்குக் கீழே குப்பி வைக்கும் தாய்மாரும் பாட்டிமாரும் இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். பல மாதங்களாக விட்டு வருபவர் யாரேனும் நம் வீட்டில் இருந்தால் அவரைப் பழிக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் போதும். இது ஒழுக்கக் கேடு அன்று. அறியாமையால் விளைந்த கட்டு. அவிழ்க்கக் கூடிய கட்டு.

ரோஜாவை முகர்ந்து தும்மிய நண்பருக்காக அர்ராஸி எழுதுகோலை எடுத்தபோது அவர் கையில் ஸைலோமெட்டஸோலின் இல்லை, ஒவ்வாமை என்ற சொல்லும் இல்லை. காரணத்தைக் கேட்கும் பொறுமை இருந்தது. அந்தப் பொறுமையை நாம் இரண்டு சொட்டுக்கு விற்றுவிட்டோம். என் மேசை இழுப்பறையில் இப்பொழுது குப்பி இல்லை. அவ்விடத்தில் தூசி தட்டிய ஒரு கிதாபு இருக்கிறது.